என் கையெழுத்து இல்லாமல் சிசேரியன் செய்தது செல்லுமா?

கொங்குப் பகுதியிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர், மருத்துவமனை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். அவருக்கு 30 வயது, மனைவிக்கு 26. முதல் பிரசவம். பெண் குழந்தை பிறந்து 24 நாள் ஆகிறது.

செக்கப்புக்குப் போன மாதங்களில் "நார்மல்தான் ஆகும்" என்று சொல்லி வந்திருக்கிறார்கள். பிரசவத்தின்போது கணவர் கூட இருக்கலாம் என்று ரிசப்ஷனில் சொன்னதும் அந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம். வலி எடுத்துப் போன அன்று, லேபர் வார்டுக்குள் இவரையும் விடவில்லை, மாமியாரையும் விடவில்லை. அந்தப் பெண் ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் உள்ளே தனியாக இருந்திருக்கிறார். இவர் மருந்து வாங்க ஃபார்மசியில் நின்ற நேரத்தில் தியேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திரும்பி வந்தால் குழந்தை பிறந்துவிட்டது. தன்னிடம் யாரும் கையெழுத்து வாங்கவில்லை, அப்படியிருக்க ஆபரேஷன் எப்படிச் செல்லும் என்பது இவருடைய முதல் கேள்வி.

மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை என்று என்.ஐ.சி.யு.வில் (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில்) லைட்டில் வைத்தார்கள். தாயை ஒரு நாளைக்கு இரண்டு முறை மட்டும் விட்டார்கள். நடுவில் பவுடர் பால் கொடுத்தது பில்லைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 70,000 ரூபாய் பேக்கேஜ் என்று சொன்னது 1,58,000-ல் வந்து நின்றது. டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டு, பாக்கியைக் கட்டினால்தான் தாயும் பிள்ளையும் வெளியே வரலாம் என்றார்கள். மனைவியின் வளையலை மறுநாள் காலை அடகு வைத்துப் பணம் கட்டி அழைத்து வந்திருக்கிறார். கேஸ் ஷீட் (சிகிச்சைக் கோப்பு) கேட்டதற்கு "அதெல்லாம் ஆஸ்பத்திரி சொத்து" என்று பதில். போதாததற்கு, 21 நாளுக்குள் பெயர் கொடுக்காவிட்டால் பிறப்புச் சான்றிதழில் பெயரே வராது என்று யாரோ சொல்ல, அந்தப் பயம் வேறு. டாக்டர் மேல் கிரிமினல் கேஸ் போட முடியுமா, நண்பர்கள் பத்துப் பேர் போய்க் கேட்டால் என்ன, வீடியோ போடலாமா என்று கேட்கிறார். கடைசி வரி: "என் மனைவி விட்டுவிடலாம் என்கிறாள், எனக்கு மனசு ஆறவில்லை."

தம்பி, முதலில் தாயும் மகளும் நலமாக வீட்டில் இருப்பதற்கு வாழ்த்துகள். உங்கள் கோபத்தில் பாதி நியாயமானது. மற்றப் பாதி தவறான இடத்தில் போய் நிற்கிறது. சட்டத்தில் பலம் குறைந்த விஷயங்களுக்கு மூன்று பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். உங்களுக்குப் பலமாக இருக்கும் ஒன்றை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்: "டிஸ்சார்ஜ் ஆகாத அந்த ராத்திரிக்கும் ரூம் வாடகை போட்டிருக்கிறார்கள்." அதைப் பிறகு சொல்கிறேன்.

கையெழுத்து யாருடையது?

சுயநினைவோடு இருக்கும், 18 வயது நிரம்பிய ஒரு பெண்ணின் உடலில் கத்தி வைக்கச் சம்மதம் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண்தான். கணவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பெரும்பாலான மருத்துவமனைகள் கணவரிடமும் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது தங்கள் பாதுகாப்புக்காக, நாளைக்குக் குடும்பத்தில் யாரும் சண்டைக்கு வரக்கூடாது என்பதற்காக. அந்தப் பழக்கத்தைப் பார்த்துப் பார்த்து, அதுவே சட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டோம். கருக்கலைப்புக்கும் அப்படித்தான்: அந்தப் பெண்ணின் சம்மதம் போதும். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் துணையின் கையெழுத்து அவசியமில்லை என்றே அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது.

2008-ல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்டுப் படுத்திருந்த பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதபோது, அந்தப் பெண் கண் விழிக்கும் வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும், தாயின் சம்மதம் செல்லாது என்றது நீதிமன்றம். பெற்ற தாய்க்கே இல்லாத அதிகாரம் கணவருக்கு எப்படி வரும்?

ஆகவே "என்னைக் கேட்கவில்லை" என்ற புகார் நிற்காது. "அவளிடம் ஒழுங்காகச் சொன்னார்களா?" என்ற கேள்வி நிற்கும். ஏன் ஆபரேஷன், காத்திருந்தால் என்ன ஆபத்து, வேறு வழி உண்டா என்பதைப் புரியும் மொழியில் சொல்லித்தான் சம்மதம் வாங்க வேண்டும். அட்மிஷன் அன்று கட்டுக் காகிதத்தில் "இங்க, இங்க, இங்க" என்று விரலை வைத்துக் காட்டி வாங்கிய கையெழுத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. வலியில் துடிக்கும்போது ஆங்கிலத்தில் அச்சடித்த படிவத்தை நீட்டி வாங்கியதும் கேள்விக்குரியதுதான். ஆனால் அங்கே என்ன நடந்தது? உங்கள் கடிதத்தில் அதற்கு ஒரு வரி கூட இல்லை. குழந்தையின் இதயத் துடிப்பு குறைகிறது என்று சொல்லி அவரே "சரி, செய்யுங்கள்" என்றிருக்கலாம். நான்கு பக்கத்தில் உங்கள் மாமியார் பேசுகிறார், நண்பர்கள் பேசுகிறார்கள், ரிசப்ஷன் பெண் கூடப் பேசுகிறார். உள்ளே இருந்த ஒரே ஆள் கடைசி வரியில் மட்டும் வருகிறார். அவர் ஏன் விட்டுவிடலாம் என்கிறார்? பயமா, களைப்பா, அல்லது நடந்ததில் அவருக்கு உண்மையிலேயே குறை இல்லையா? கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் விரும்பாமல் இந்த விஷயத்தில் வழக்கு என்று ஒன்று கிடையாது, சாட்சியே அவர்தான்.

"நார்மல் என்று சொல்லிவிட்டுப் பணத்துக்காகக் கிழித்துவிட்டார்கள்" என்ற உங்கள் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைப் பிரசவங்களில் 63.8 சதவீதம் சிசேரியன். அரசு மருத்துவமனைகளில் 36. இந்த இடைவெளியைக் கேள்வி கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சதவீதத்தை வைத்து உங்கள் மனைவிக்குச் செய்தது தேவையற்றது என்று நிரூபிக்க முடியாது. அதைச் சொல்ல வேண்டியது அவருடைய கேஸ் ஷீட்.

லேபர் வார்டு

பிரசவத்தின்போது நம்பிக்கையான ஒருவர் பக்கத்தில் இருப்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. மத்திய அரசும் 2016-ல் அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்க முடிவெடுத்தது. அந்த முடிவைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள்: துணை என்பது முதலில், பிரசவத்தை அனுபவித்த ஒரு பெண் உறவினர். மறைப்பும் தனிமையும் உறுதியாக இருக்கும் இடத்தில் கணவரையும் விடலாம். ஒரே அறையில் நான்கு கட்டில், நடுவில் ஒரு துணித் திரை என்றால், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பெண்ணின் மானமும் கணக்கில் வரும். மொபைலை உள்ளே விடாததும் இதனால்தான்.

தனியார் மருத்துவமனை கணவரை விட்டே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் இல்லை. ரிசப்ஷனில் வாய்மொழியாகச் சொன்னதைச் சேவைக் குறைபாடு என்று வாதாடலாம், ஆனால் அதை மட்டும் வைத்து யாரும் வழக்கு நடத்த மாட்டார்கள். என் கண்ணில் இதில் பெரிய குறை, மாமியாரையும் விடாதது. துணை யார் என்பதைத் தேர்ந்தெடுப்பவர் பிரசவிக்கும் பெண். உங்கள் மனைவி யாரைக் கேட்டார்? அம்மாவையா, உங்களையா? அம்மாவைக் கேட்டிருந்தால் வருத்தப்படாதீர்கள், நிறையப் பேர் அப்படித்தான் கேட்கிறார்கள்.

உங்கள் அம்மா சேனை வைக்கப் போனதை நர்ஸ் தடுத்துவிட்டார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதில் நான் நர்ஸ் பக்கம். தேன், சர்க்கரைத் தண்ணீர் எதுவும் பிறந்த குழந்தையின் நாக்கில் படக்கூடாது என்பது மருத்துவக் காரணத்துக்கான விதி. பெரியவர்களுக்கு அது அவமானமாகப் பட்டிருக்கும். குழந்தையைக் கையில் கொடுத்து ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளுங்கள், தீர்ந்தது.

லைட்டில் இருந்த நாட்கள்

காமாலை என்பதே பில்லை ஏற்ற வந்த கதை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் டாக்டர் இல்லை, ஆனால் இந்த மாதிரிக் கோப்புகள் நிறையப் பார்த்திருக்கிறேன். நிறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேல் முதல் வாரத்தில் மஞ்சளாகின்றன. பெரும்பாலும் தானே சரியாகிவிடும், சிலருக்கு லைட் தேவைப்படும், கவனிக்காமல் விட்டால் மூளையைப் பாதிக்கும் அளவுக்குப் போவதும் உண்டு. காலை வெயிலில் காட்டினால் போதும் என்று உங்கள் அம்மா சொன்னதை நம்ப வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் பிலிருபின் (காமாலையில் ரத்தத்தில் கூடும் மஞ்சள் நிறப் பொருள்) எவ்வளவு, ரத்தம் எடுத்தபோது குழந்தைக்கு எத்தனை மணி நேர வயது, முக்கியமாக இந்த இரண்டையும் வைத்துத்தான் லைட் தேவையா என்று முடிவெடுப்பார்கள். அந்தக் காகிதம் கிடைத்ததும் வேறொரு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

தாயை விடாததும், கேட்காமல் பவுடர் பால் கொடுத்ததும் வேறு சங்கதி. சாதாரணமாக, லைட்டில் இருக்கும் குழந்தையைப் பால் கொடுக்க எடுத்துவிட்டு மறுபடி வைக்கலாம். அரசுப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்துக் குழந்தையைப் பராமரிப்பதில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று 2017-லேயே மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அரசு வார்டில் முடியும் என்றால் 1,58,000 வாங்கும் இடத்தில் முடியாதா? பவுடர் பாலுக்கு மருத்துவக் காரணம் இருந்திருந்தால் அது கோப்பில் எழுதியிருக்க வேண்டும், தாயிடமும் சொல்லியிருக்க வேண்டும். மருத்துவமனை வழியாகப் பால் பவுடரை விளம்பரப்படுத்துவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஒரு குறிப்பிட்ட பிராண்டை வாங்கச் சொல்லியோ, போகும்போது டின்னைக் கையில் கொடுத்தோ அனுப்பியிருந்தால் தேதியோடு குறித்து வையுங்கள்.

அந்த ஒரு ராத்திரி

இப்போது வாடகைக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய பில் நகலில் டிஸ்சார்ஜ் சம்மரியின் தேதிக்கும் கடைசி ரூம் வாடகையின் தேதிக்கும் ஒரு நாள் வித்தியாசம் இருக்கிறது. சம்மரியில் "தாயும் சேயும் நலம், வீட்டுக்குச் செல்லலாம்" என்று டாக்டர் கையெழுத்து. அதற்குப் பிறகு ஒரு ராத்திரி வாடகை, நர்சிங் சார்ஜ். மறுநாள் காலை நீங்கள் பணம் கட்டிய ரசீதில் நேரமும் அச்சாகியிருக்கிறது. மருத்துவக் காரணம் எதுவும் இல்லாமல், பணத்துக்காகவே தாயையும் குழந்தையையும் நிறுத்தி வைத்தார்கள் என்பதற்கு அவர்களே எழுதிக் கொடுத்த சாட்சி இது. அடகு ரசீதையும் இதோடு சேர்த்து வையுங்கள்.

பில் பாக்கிக்காக நோயாளியைப் பிடித்து வைக்க மருத்துவமனைக்கு அதிகாரம் கிடையாது. தில்லி, பம்பாய் உயர் நீதிமன்றங்கள் இதைச் சொல்லியிருக்கின்றன. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளர் உரிமைப் பட்டயத்திலும் இது இருக்கிறது. பட்டயம் தனியாக ஒரு சட்டம் இல்லை என்றாலும் நுகர்வோர் ஆணையத்தில் எடுத்துக்காட்டலாம். பாக்கி இருந்தால் அவர்கள் சிவில் வழக்குப் போட்டு வசூலிக்கட்டும். ஆளை அடைத்து வைப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 127-ஆம் பிரிவில் வரும் குற்றம். இப்படி ஒரு நிலைமை உறவில் யாருக்காவது வந்தால், அந்த நேரத்திலேயே 100-க்கு அழைக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் போலீஸ் வந்து நின்றவுடன் "தவணையில் கட்டிக்கொள்ளலாம் சார்" என்று பேச்சு மாறிவிடும்.

பேக்கேஜ் எப்படி இரண்டு மடங்குக்கு மேல் போனது என்பதற்கு ஐட்டம் வாரியான பில் கேளுங்கள். 70,000 என்பது நார்மலுக்கா, சிசேரியனுக்கா, குழந்தையின் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தாலும் போதும். என்.ஐ.சி.யு. பொதுவாகப் பேக்கேஜில் வராது, அந்தத் தொகையைத் திரும்பக் கேட்பது கடினம். மயக்க மருந்து, தியேட்டர், கையுறை, தையல் நூல் என்று பேக்கேஜுக்குள் வர வேண்டியதைத் தனியாகவும் போட்டிருந்தால், அது கேட்டு வாங்க வேண்டிய பணம்.

கேஸ் ஷீட் வாங்குவது எப்படி?

"ஆஸ்பத்திரி சொத்து" என்பது பாதி உண்மை. மூலக் கோப்பு அவர்களிடம் இருக்கலாம், நகல் உங்கள் மனைவிக்கு உரியது. மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி, நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். ஜெராக்ஸ் செலவை அவர்கள் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

வாயால் கேட்காதீர்கள். உங்கள் மனைவி தன் கையெழுத்தில் ஒரு பக்கக் கடிதம் எழுதி, சேர்ந்ததற்கான ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் அனுப்பட்டும். குழந்தையின் கோப்பு தனி, அதற்குப் பெற்றோர் என்ற முறையில் இருவரும் கையெழுத்திடலாம். "எல்லா ஆவணங்களும்" என்று பொதுவாக எழுதினால் டிஸ்சார்ஜ் சம்மரியை மறுபடி ஒரு முறை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்வார்கள். பெயர் சொல்லிக் கேளுங்கள்: சம்மதப் படிவங்கள், லேபர் வார்டு குறிப்புகள், பிரசவம் எப்படி முன்னேறியது என்று குறித்து வைக்கும் பார்ட்டோகிராம், குழந்தையின் இதயத் துடிப்பைப் பதிவு செய்த சி.டி.ஜி. தாள், ஆபரேஷன் குறிப்பு, மயக்கக் குறிப்பு, நர்ஸ் சார்ட், குழந்தையின் பிலிருபின் ரிசல்ட், பால் கொடுத்த பதிவு. சி.டி.ஜி. தாள் பஸ் டிக்கெட் மாதிரித் தெர்மல் காகிதம், மாதங்கள் போனால் எழுத்து மங்கிவிடும். கைக்கு வந்த அன்றே போட்டோ எடுத்து வையுங்கள்.

வழக்கு, கூட்டம், வீடியோ

டாக்டர் மேல் கிரிமினல் வழக்கு வேண்டாம். 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம், மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் மருத்துவர் மேல் குற்ற வழக்கு நிற்கும், அதற்கும் முதலில் வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்று வரையறுத்துவிட்டது. உங்கள் விஷயம் அதன் பக்கத்தில் கூட வரவில்லை.

பத்துப் பேரோடு போவது அதைவிட ஆபத்து. தமிழ்நாட்டில் மருத்துவமனைகளில் வன்முறைக்கு எதிராக 2008-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது, ஜாமீனில் வர முடியாத பிரிவு. நீங்கள் சும்மா நின்று, கூட வந்தவர் ஒரு கண்ணாடியை உடைத்தாலும் முதல் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும். அப்புறம் உங்கள் புகாரை யார் படிப்பார்கள்? வீடியோவும் வேண்டாம். வார்டில் எடுத்த காட்சியில் வேறு பெண்கள் இருந்தால் அது தனிச் சிக்கல், "கொலைகார ஆஸ்பத்திரி" என்று தலைப்பு வைத்தால் அவதூறு வழக்கு. கூகுளில் நடந்ததை நடந்தபடி, தேதி, தொகையோடு, யார் பெயரும் சொல்லாமல் எழுதுவதில் தவறில்லை.

செய்யக்கூடியது இது. கோப்பு 72 மணி நேரத்தில் வராவிட்டால், மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநருக்கு ஒரு புகார் எழுதுங்கள். தனியார் மருத்துவமனைகளின் பதிவு அந்த அலுவலகத்தின் கையில் இருப்பதால் அங்கிருந்து ஒரு கடிதம் போனால் மதிப்பு அதிகம். கோப்பு வந்த பிறகு வேறொரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டுங்கள். சிசேரியன் நியாயமானது என்று அவர் சொன்னால் அந்தப் பகுதியை அதோடு விட்டுவிடுங்கள். நிறுத்தி வைத்த ராத்திரி, கூடுதல் பில், கோப்பு தர மறுத்தது ஆகியவற்றுக்கு முதலில் வக்கீல் நோட்டீஸ், பதில் இல்லாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் ஆணையத்தில் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நடத்தலாம். ஆனால் வாய்தா வாய்தாவாகப் போகும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நோட்டீஸோடு வாடகையையும் கூடுதல் தொகையையும் திருப்பிக் கொடுக்க முன்வந்தால், உங்கள் மனைவிக்குச் சம்மதம் என்றால், வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்வதில் தோல்வி ஒன்றும் இல்லை.

பெயர் வைக்க அவசரமில்லை

21 நாள் என்பது பிறப்பைப் பதிவு செய்வதற்கான கெடு. மருத்துவமனையில் பிறந்தால் தகவல் கொடுக்க வேண்டியது மருத்துவமனை. பெயர் இல்லாமலே பதிவாகும். ஓர் ஆண்டுக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு சேர்க்க வழி இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது வேறு: தகவல் உண்மையிலேயே போயிருக்கிறதா, மனைவியின் ஆர்.சி.எச். எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்தபோது கொடுத்த எண்) சரியாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, பெற்றோர் பெயரும் இனிஷியலும் ஆதாரில் இருப்பது போலவே இருக்கிறதா? மனைவியின் ஆதாரில் அவர் அப்பா இனிஷியல், மருத்துவமனைப் படிவத்தில் உங்கள் இனிஷியல் என்றால் பிறகு பள்ளியிலும் பாஸ்போர்ட்டிலும் அலைய வேண்டி வரும். சான்றிதழை இணையத்தில் எடுத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மாட்டோம் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, ஆனால் தையல் போட்ட இடத்தையும் ரத்தப்போக்கையும் யாராவது ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். ஆறாவது வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி இருக்கிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போடுவார்கள், டிஸ்சார்ஜ் சம்மரியையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்துக்கொண்டு போனால் போதும்.